கப்பலுக்குக் காத்திருந்த துறை

மேலைக் கடல்களில் இந்நாளில் உல்லாசக் கப்பல்கள் பல உலவுகின்றன. ஆயிரக்கணக்கான பயணிகளைச் சுமந்து வரும் அக்கப்பல்கள் காலையில் ஒரு தீவின் துறையில் ஒதுங்குகின்றன. மாலையில் சங்கு ஊதிப் புறப்பட்டுவிடுகின்றன. இருப்புப்பாதைக் குடும்பத்தாராகிய நம் வழக்கில் சொல்வதாயின், அத்துறைகள் யாவும் வண்டி எட்டு மணி நேரம் நிற்கும் ஸ்டேஷன்கள். பயணிகள் இறங்கிக் கடைவீதியைச் சுற்றி, இளநீர் பருகி, நிழற்படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவர். அவ்வாறு கப்பல்கள் நின்று செல்லும் ஊர்களுள் ஒன்று, கரிபியன் கடலில் உள்ள மார்த்தினீக் தீவின் தலைநகராகிய ஃபோர்-தெ-ஃபிரான்ஸ்.

நாம் கடல் கடந்தவரல்லோம். அலுவலகத்தில் கணக்கேடும், வீட்டுச் சுவரில் உலகப் படமுமாக வாழ்பவர். எனினும் இத்துறையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய நாள் முதல் அது நம்மை விடவில்லை. காரணம் ஒன்றே. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் ஆயிரமாயிரம் பேர் சென்று சேர்ந்த தீவு அது. ஒப்பந்த காலம் முடிந்தபின், ஊர் திரும்பக் கப்பல் வரும் வரும் என்று அவர்கள் காத்துக் கிடந்த துறையும் அதுவே. ஆகவே எட்டு மணி நேரம் இறங்கும் பயணியாக நம்மைப் பாவித்துக்கொண்டு, அன்பர்களையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

படத்தை நோக்கினால் ஒரு வியப்பு தோன்றும். இத்தீவு சென்னையின் அட்சரேகைக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே அமைந்தது. வெயிலும் மழையும் நமக்குப் பழகியவை போன்றவையே. மாமரமும் புளியமரமும் அங்கும் தழைத்து வளர்கின்றன. பரப்பளவு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 3,50,000. 1635இல் பிரெஞ்சுக்காரர் இங்கே குடியேறினர். பெரியதொரு வளைகுடாவினுள், கடலில் நீண்டு நிற்கும் பாறையின் மீது 1638இல் ஒரு கோட்டை எழுப்பத் தொடங்கினர். அக்கோட்டையைச் சுற்றி எழுந்ததே ஊர். முதலில் அதற்கு அரசகோட்டை என்று பொருள்படும் ஃபோர்-ருவாயல் என்ற பெயர் வழங்கிற்று. பிரான்சில் மன்னராட்சி வீழ்ந்தபின் பெயரும் மாறலாயிற்று. நெப்போலியன் காலத்தில் பிரான்சின் கோட்டை எனப் பொருள்படும் இன்றைய பெயர் நிலைத்தது.

ஊர் அமைந்த நிலமோ சதுப்பு நிலம். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உறைவிடம். ஆயின் புயற்காலத்தில் கப்பல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் துறை இத்தீவில் இதுவே. 1674இல் தெ ரெய்டர் என்ற புகழ் வாய்ந்த டச்சுக் கடற்படைத் தளபதி பெரும்படையுடன் வந்து தாக்கியும், கோட்டையிலிருந்த சிறு படையை வெல்ல இயலாமல் திரும்பினார். ஆங்கிலேயர் மட்டும் 1762, 1794, 1809 ஆகிய ஆண்டுகளில் மும்முறை இத்தீவைக் கைப்பற்றினர்; மும்முறையும் உடன்படிக்கைப்படி திருப்பித் தந்தனர். நம் புதுச்சேரியும் அந்நூற்றாண்டில் இவ்வாறே கைமாறிக் கைமாறி வந்தது என்பதை அன்பர்கள் அறிவர். ஐரோப்பாவில் இரு அரசர்கள் பிணங்கினால், வங்கக் கடலோரத்து ஊரும் கரிபியன் தீவும் ஒரே கணக்கில் வரவு செலவு எழுதப்பட்ட காலம் அது.

கோட்டையை ஒட்டிச் சவான் என்னும் பரந்த திடல் உள்ளது. இங்கே 1859இல் பளிங்குச் சிலை ஒன்று நிறுத்தப்பட்டது. நெப்போலியனின் முதல் மனைவியும் பிரெஞ்சுப் பேரரசியுமான ஜோசபீனின் சிலை அது. வளைகுடாவின் எதிர்க்கரையில், கரும்புத் தோட்ட முதலாளி ஒருவரின் மகளாக 1763இல் பிறந்தவர் அவர். தம் ஊர்ப்பெண் பேரரசியானாள் என்று ஊரார் மகிழ்ந்திருக்கலாமே எனத் தோன்றும். ஆயின் அத்தீவின் மக்களிற் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள். 1802இல் நெப்போலியன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை நிலைநிறுத்தியதை அவர்கள் மறக்கவில்லை. 1991இல் ஒருநாள் இரவு அச்சிலையின் தலை துண்டிக்கப்பட்டது. கழுத்தில் குருதி வழிவது போலச் செஞ்சாயம் பூசப்பட்டது. தலையற்ற அச்சிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்வாறே நின்றது. 2020 ஜூலையில் மக்கள் அதையும் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினர்.

திடலின் ஓரத்தில் ஒரு நூல் நிலையம். இரும்புத் தொழிலோடு பிறந்து வளர்ந்த நம் காலனி மக்கள் அதன் முன் சற்றே நிற்பது முறை. பியேர் ஆன்ரி பிக் என்ற கட்டடக்கலைஞர் இதனை இரும்புச் சட்டங்களாலும் கண்ணாடியாலும் ஓடுகளாலும் பாரிஸ் நகரிலேயே கட்டி முடித்துப் பொதுமக்களின் காட்சிக்கு வைத்தார். பின்பு துண்டு துண்டாகக் கழற்றி, கப்பலில் ஏற்றி, கடல் கடந்து கொணர்ந்து, இங்கே மீண்டும் பூட்டினர். 1893இல் இது திறக்கப்பட்டது. நம் ஒர்க்‌ஷாப்புகளில் பாலத்தின் கர்டர்களை எண்ணிட்டு அனுப்பி, ஆற்றங்கரையில் பொருத்துகிறார்கள் அல்லவா? அதே வேலைதான். வண்ண வண்ணக் குவிமாடம் ஒன்று அதன் மேல் அமைந்திருப்பதால் பார்ப்பவர்க்கு அது நினைவில் வருவதில்லை. ஊரின் பெரிய தேவாலயத்தையும் இதே பிக் அவர்களே இரும்புக் கூட்டின் மீது எழுப்பினார். அது 1895இல் நிறைவுற்றது. நிலநடுக்கம், தீ, புயல் மூன்றும் முறை வைத்துத் தாக்கும் ஊரில் கல்லையும் மரத்தையும் நம்புவது எங்ஙனம்? 1839இல் நிலநடுக்கம் ஊரைத் தரைமட்டமாக்கிற்று. 1890 ஜூன் 22 அன்று மூண்ட தீ ஊரின் பெரும்பகுதியை விழுங்கிற்று. நூல் நிலையத்துக்கெனத் திரட்டி வைத்திருந்த நூல்களிற் பெரும்பாலானவையும் அத்தீயில் வெந்தன.

அந்நூல்களை வழங்கியவர் விக்தோர் ஷெல்ஷேர். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் அடிமை முறையை ஒழித்த 1848 ஏப்ரல் 27 ஆணைக்கு மூலகாரணர் அவரே. நூல் நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆணையைத் தாங்கிய கப்பல் வந்து சேரும் வரையிலும் அடிமைகள் பொறுத்திருக்கவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. மே 22இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. எனவே இத்தீவினர் விடுதலை விழாக் கொண்டாடுவது மே 22ஆம் நாளிலேதான். ஷெல்ஷேர் ஒருவரே தம்மை விடுவித்தார் என்று சொல்வது தம் முன்னோரின் போராட்டத்தை மறைப்பதாகும் எனக் கருதிய இளைஞர் சிலர் 2020ஆம் ஆண்டு அதே நாளில் அவருடைய சிலைகள் இரண்டைத் தகர்த்தனர். நன்மை செய்தவர் சிலைக்குமா இக்கதி என்று நம் உள்ளம் துணுக்குறுகிறது. ஆயினும் நன்றி கூறும் கடமை எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கும் உரிமை அடிபட்டவர்க்கே உண்டு.

விடுதலை பெற்றோர் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களுட் பலர் மீண்டும் அதே கரும்புக்கொல்லையில் அதே முதலாளிக்குக் குனிந்து உழைக்க விரும்பவில்லை. சர்க்கரை ஆலைகளோ ஆள் கேட்டன. இங்கேதான் தமிழர் கதை தொடங்குகிறது.

பிரெஞ்சு அரசினர் தம் ஆளுகைக்குட்பட்ட புதுச்சேரியின் பக்கம் பார்வையைத் திருப்பினர். 'ஒரேலி' என்னும் பாய்மரக் கப்பல் முதல் தொகுதி ஆட்களை ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்று 1853 மே 6ஆம் நாள் மார்த்தினீக்கை அடைந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளில் இத்தீவுக்கு மட்டும் 25,000க்கும் மேற்பட்ட இந்தியர் கொணரப்பட்டனர். பக்கத்துத் தீவாகிய குவாதலூப்புக்குச் சென்றோர் 40,000க்கும் மேல். 1861இல் ஆங்கிலேயரோடு பிரெஞ்சுக்காரர் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் ஆங்கில இந்தியாவிலிருந்தும் ஆள் சேர்க்க வழி பிறந்தது. எனினும் மார்த்தினீக்குச் சென்றோரிற் பெரும்பாலோர் தமிழ் நாட்டவரே. ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 10,000 பேரும் சீனர் சுமார் 1,000 பேரும் இதே முறையில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர்.

கடற்பயணம் மூன்று மாதம் பிடிக்கும். ஒப்பந்தம் ஐந்தாண்டு. மாதச் சம்பளம் ஆடவர்க்குப் பன்னிரண்டரை பிராங்கு, பெண்டிர்க்குப் பத்துப் பிராங்கு. அரிசியும் துணியும் முதலாளி கொடுக்க வேண்டும். கேட்பதற்கு நேர்மையாகவே தோன்றும். ஆனால் மஸ்டர் ரோல் எழுதிப் பழகிய நம் கண்ணுக்கு ஒரு விதி தைத்தது. ஒரு மாதம் என்பது முப்பது நாள் அன்று. இருபத்தாறு நாள் வேலை. காய்ச்சலில் கிடந்த நாள், மழையில் வேலை நின்ற நாள், கண்காணி மனம்போனபடி வெட்டிய நாள் எதுவும் கணக்கில் ஏறாது. இருபத்தாறு நாள் நிறைந்தால்தான் ஒரு மாதம் கழிந்ததாகப் பொருள். ஐந்தாண்டு ஒப்பந்தம் ஆறாண்டாகவும் ஏழாண்டாகவும் நீண்டது இந்தப் பேனா வித்தையினாலேதான். சவுக்கைக் காட்டிலும் பதிவேடு கொடியது என்பதை எழுத்தர் குலத்தவராகிய நாமே சொல்ல வேண்டியிருக்கிறது!

தோட்டத்தை விட்டு வெளியே செல்வதற்கும் சீட்டு வேண்டும். 1855இல் ஆளுநர் கெய்தோன் பிறப்பித்த ஆணையின்படி, உழைப்பாளர் உள்ளூரில் நடமாடவே அனுமதிச் சீட்டும் வேலைப் புத்தகமும் கையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. சீட்டின்றி அகப்பட்டவன் நாடோடி எனப்பட்டான், நாடோடிக்குச் சிறை. நோயாலும் வேலைக் கடுமையாலும் மடிந்தோர் மிகப் பலர். விடுதலை பெற்ற கறுப்பின உழைப்பாளரும் இவர்களை அன்போடு வரவேற்கவில்லை. தாங்கள் கூடுதல் கூலி கேட்டு நின்ற வேளையில், குறைந்த கூலிக்கு வந்திறங்கியவர்கள் என்ற மனக்கசப்பு அவர்களுக்கு இருந்தது. அதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். இருவரையும் மோதவிட்டு ஆதாயம் கண்டவர்கள் வேறு.

ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் மட்டும் அவர்கள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. காலம் முடிந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம் என்பதே அது. நமக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் இலவசப் பாஸை நினைத்துப் பாருங்கள். சித்திரை பிறந்ததும் எத்தனை வீடுகளில் டிரங்குப் பெட்டி தூசி தட்டப்படுகிறது! அவர்களுடைய பாஸும் எழுத்தில் அப்படியே இருந்தது. ஆனால் வண்டிதான் வரவில்லை. ஆட்கள் போதிய எண்ணிக்கையில் சேர்ந்தால்தான் கப்பல் அமர்த்தப்படும். அமர்த்தும் செலவுக்குக் குடியேற்ற நாட்டு மன்றம் முணுமுணுக்கும். இதற்கிடையே, திரும்பும் உரிமையை விட்டு மறு ஒப்பந்தம் செய்துகொள்வோர்க்கு ரொக்கப் பரிசு உண்டு என்று முதலாளியின் ஆள் வந்து ஆசை காட்டுவான். கைக்கு வந்த பணம் ஒருபுறம். வருமா வராதா என்று தெரியாத கப்பல் ஒருபுறம். பலர் பணத்தை வாங்கிக்கொண்டனர்.

வாங்காதவர்கள் தோட்டங்களை விட்டு ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் துறைக்கு வந்து காத்திருந்தனர். சிலர்க்குக் கப்பல் வந்தது, ஊர் திரும்பினர். எஞ்சியோர் நகரத்தின் ஓரத்தில் ஓ பெரோ என்னும் பகுதியில் குடிசை போட்டுக்கொண்டனர். வெயிட்டிங் ரூமே வீடாயிற்று. வயிற்றுப்பாட்டுக்கு அவர்களுக்குக் கிடைத்தது நகராட்சியின் தெருக்கூட்டும் வேலை. விடியுமுன் துடைப்பமும் வாளியுமாகச் சாக்கடைகளைக் கழுவும் இந்தியர், பல பத்தாண்டுகள் வரை அந்நகரத்துக் காட்சிகளுள் ஒன்றாயினர். எந்தக் கூலியும் என்றேனும் ஒருநாள் தெருச்சாக்கடைக்கு வந்தே தீருவான் என்ற பொருளில் அத்தீவின் கிரியோல் மொழியில் ஒரு வசைமொழியே பிறந்துவிட்டது. கூலி என்ற நம் தமிழ்ச்சொல், உழைப்பின் ஊதியத்தைக் குறிப்பது, அங்கே ஓர் இனத்தாரை இழித்துரைக்கும் பெயராய் முடிந்ததை எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கிறது.

1884இல் மார்த்தினீக்கின் மன்றத்தார் ஆள் கொணர்வதை நிறுத்தத் தீர்மானித்தனர். 1888இல் ஆங்கில அரசும் பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் அனுப்புவதை அறவே தடுத்தது. அதன்பின் புதிய தமிழ்க்குரல் எதுவும் அத்தீவில் இறங்கவில்லை. இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்றவர்களுக்குக் கடிதமும் கப்பலும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. மார்த்தினீக்குக்குச் சென்றவர்களுக்கோ பாதையே பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டது. பள்ளியிலே பிரெஞ்சு, கொல்லையிலே கிரியோல், கோயிலிலே மட்டும் தமிழ் என்று ஆகி, பேரன் காலத்தில் தமிழ் பொருள் தெரியாத மந்திரமாயிற்று.

பெயர்களின் கதை வேறு. தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொண்டு தனிப்பெயர் வழங்கும் நம் முறை பிரெஞ்சு எழுத்தர்க்கு விளங்கவில்லை. வடநாட்டு அலுவலகங்களில் "உமது குடும்பப் பெயர் யாது?" என்று கேட்கப்பட்டு, தகப்பனார் பெயரையோ ஊர்ப்பெயரையோ எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர்கள் நம்முள் எத்தனை பேர்! அங்கே கப்பலிலிருந்து இறங்கிய இராமசாமியின் பெயர் 'ரமாசமி' என்று எழுதப்பட்டு, அவன் மக்களுக்கும் பேத்திகளுக்கும் குடிப்பெயராய் நிலைத்துவிட்டது. 'முத்துசமி', 'வீரசமி' என்னும் குடிப்பெயர்களும் அவ்வாறு வந்தவையே. முன்பெயர் கிறிஸ்துவப் பெயராகவும், பின்பெயர் பாட்டன் பெயராகவும் வாழும் குடும்பங்கள் இன்றும் இரு தீவுகளிலும் உள்ளன.

பிறந்த மண்ணிலேயே இவர்கள் பிள்ளைகள் அந்நியராகக் கருதப்பட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். குவாதலூப்பில் இந்தியப் பெற்றோர்க்கு 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரோம் என்பவர், தம்மினத்தார் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க 1904இல் வழக்குத் தொடுத்தார். சிதம்பரம் என்ற பெயரே சிதம்பரோம் ஆயிற்று என்பதை விளக்கவும் வேண்டுமோ? பத்தொன்பது ஆண்டுகள் அவர் தளராது வாதாடினார். 1923இல் பிரெஞ்சுக் குடியுரிமை உறுதியாயிற்று. 1952இல் அவர் மறைந்தார். இப்பெயர் நம் பிள்ளைகளின் பாடநூல்களில் இல்லை.

மீண்டும் துறைக்கு வருவோம். ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் ஆளுநரின் இருப்பிடமாக இருந்ததேயன்றி, 1902 வரையில் தீவின் வாணிகமும் செல்வமும் நாடக அரங்கும் வடமேற்கே உள்ள சேன் பியேர் நகரிலேயே குவிந்திருந்தன. அந்நகரின் தலைமாட்டில் பெலே என்னும் எரிமலை. 1902 ஏப்ரலில் அது புகையத் தொடங்கிற்று. சாம்பல் பொழிந்தது, பறவைகள் செத்து விழுந்தன. அஞ்ச வேண்டுவதில்லை என்று ஊராரைத் தேற்றும் பொருட்டு ஆளுநர் மூத்தே தம் மனைவியுடன் அந்நகருக்கே சென்று தங்கினார். மே 8ஆம் நாள் காலை எட்டு மணியளவில் மலை வெடித்து, எரியும் முகில் ஒன்று நகரின் மீது இறங்கிற்று. சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். ஆளுநரும் அவருள் ஒருவர். துறையில் நின்ற கப்பல்களும் எரிந்தன. நகரில் உயிர் தப்பினோர் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். அவருள் ஒருவன் நிலவறை போன்ற சிறைக்கொட்டடியில் அடைபட்டுக் கிடந்த கைதி என்பது உலகறிந்த செய்தி. அன்று முதல் தீவின் வாணிகமும் மக்களும் ஃபோர்-தெ-ஃபிரான்ஸுக்கு இடம் பெயர்ந்தனர். சதுப்பு நிலத்துச் சிற்றூர் நெருக்கடி மிகுந்த தலைநகரமாயிற்று.

துறையிலே அந்நாளில் நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றியவர்கள் பெண்கள். தலையில் கூடை சுமந்து, பலகை வழியே வரிசை வரிசையாக ஏறி இறங்கிக் கரி கொட்டினர். நம் லோகோ ஷெட்டில் கரி தள்ளியவர்களைக் கண்ட முதியவர்கள் காலனியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இக்காட்சியை விரித்துரைக்க வேண்டா.

இத்துறையில் வந்து நின்ற கப்பல்களுள் ஒன்றைப்பற்றி மட்டும் சொல்லிவிடுவோம். 1941 மார்ச்சில் நாஜிகளுக்கு அஞ்சி பிரான்சை விட்டு ஓடிய அகதிகள் சுமார் 350 பேரை ஏற்றிக்கொண்டு 'கப்பித்தேன் போல் லெமெர்ல்' என்னும் கப்பல் மார்செயிலிருந்து புறப்பட்டது. கவிஞர் ஆந்திரே பிரெதோன், மானிடவியலறிஞர் லெவி ஸ்திராஸ், ஓவியர் விஃப்ரெதோ லாம் முதலியோர் அதில் இருந்தனர். ஒரு மாதம் கழித்து இத்துறையை அடைந்தபோது, ஜெர்மானியர்க்கு இணங்கிய விஷி அரசின் அதிகாரிகள் அவர்களைக் குற்றவாளிகள் போல் நடத்தி, வளைகுடாவுக்கு அப்பால் பழைய தொழுநோய் விடுதியில் அடைத்தனர். (அதே வேளையில் இவ்வூரின் மற்றொரு கோட்டையில் பிரான்சின் தங்கம் 286 டன் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. தங்கத்துக்குக் கிடைத்த மரியாதை மனிதருக்குக் கிடைக்கவில்லை.) நகருக்குள் செல்ல இசைவு பெற்ற பிரெதோன், தம் சிறுமகளுக்கு ரிப்பன் வாங்க ஒரு கடையில் நுழைந்தார். அங்கே 'திரோப்பீக்' என்ற புதிய இதழொன்று விற்பனைக்கு இருந்தது. எடுத்துப் புரட்டியவர் அதிசயித்தார். அதனை நடத்தியவர் அவ்வூர்ப் பள்ளியாசிரியர் எமே செசேர். மறுநாளே தேடிச் சென்று நட்புக் கொண்டார். பெரிய உலகம் செசேரை அறிந்தது ஒரு முழ ரிப்பனால் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தச் செசேர், தமிழ்க் கூலிகள் மிகுதியாக வேலை செய்த பாஸ் புவாந்த் என்னும் வடகடலோர ஊரிலே 1913இல் பிறந்தவர். தாய்நாடு திரும்புதலைத் தலைப்பாகக் கொண்ட அவரது நெடுங்கவிதை 1939இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. 1945 முதல் 2001 வரை ஐம்பத்தாறு ஆண்டுகள் அவரே இத்தலைநகரின் மேயர். 1946இல் மார்த்தினீக் குடியேற்ற நாடு என்ற நிலை நீங்கிப் பிரான்சின் ஒரு மாவட்டமாக ஆவதற்கு முன்னின்றவரும் அவரே. 2008இல் அவர் மறைந்தார். தாயகம் திரும்புதலைப் பாடியவர் ஆண்ட நகரத்தின் தெருக்களை, தாயகம் திரும்பாதவர்களின் பிள்ளைகள் பெருக்கிக்கொண்டிருந்தனர். வரலாறு இவ்வாறு பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறது.

பாஸ் புவாந்த் பக்கத்தில் மாரியம்மன் கோயில் உண்டு. அவர்கள் நாவில் அவள் 'மாலியெமேன்'. மதுரை வீரன் 'மல்தெவிதான்' ஆனான். நாகூர் ஆண்டவரும் 'நாகுர்மிரா' என்ற பெயரில் அதே வழிபாட்டில் இடம் பெற்றிருக்கிறார். இந்துவா இஸ்லாமியரா என்ற வினா கப்பலேறவே இல்லை போலும். தப்பு அங்கே 'தப்பூ' என்றே ஒலிக்கிறது. ஆட்டுக்கிடா பலியிட்டு, பூசாரி தீட்டிய வெட்டரிவாளின் முனை மீது ஏறி நின்று அருள்வாக்குச் சொல்வார். அவ்வாக்குத் தமிழில் வருவது மரபு. ஒருவர் அதனைக் கிரியோலில் பெயர்த்துச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டனிடம் கேட்டுப் பேரன் உருப்போட்டு வைத்த தமிழ் அது. தேய்ந்தும் சிதைந்தும் இருக்கலாம். ஆயினும் நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு கடிதமும் வாராத இடத்தில், ஓர் ஆசிரியரும் சம்பளம் பெற்றுக் கற்பிக்காத நிலையில், அது நாவிலே நின்றது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி நம் சங்கச் செயலாளர் வீடு வீடாக ஏறி இறங்குவதை நினைத்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தோம்.

மாலைக் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய பயணிக்கு அவ்வளவு தூரம் செல்ல நேரம் போதாது. அவர் நகரின் நடுவே, இரும்புக் கூரையிட்ட பெரிய சந்தைக்குச் சென்றாற் போதும். அங்கே கடை வைத்திருக்கும் மூதாட்டியரின் தலைத்துணியைப் பார்க்கட்டும். கட்டம் போட்ட பருத்தித் துணி; அதன் பெயர் 'மத்ராஸ்'. நம் கடற்கரையில் நெய்யப்பட்ட கட்டத்துணி, கூலிகள் கப்பலேறுவதற்கு நெடுநாள் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டு வணிகரால் அத்தீவுகளுக்குச் சென்று அவர்களுடைய விழாக்கால உடையாகவே ஆகிவிட்டது. தலைத்துணியை முடிக்கும் முறையில் எத்தனை முனை நிற்கிறது என்பதைக் கொண்டு, அணிந்தவள் மனம் பிறர்க்கு உரியதா இல்லையா என அறிவிக்கும் வழக்கமும் உண்டு. சென்னை தன் பழைய பெயரை 1996இல் விடுத்தது. மார்த்தினீக்கின் பெண்கள் விடவில்லை.

துணிக்கடைக்குப் பக்கத்தில் பொடிக்கடை. மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், கடுகு, மிளகு, வெந்தயம் கலந்து அரைத்த மஞ்சள் நிறப் பொடி, சிறுசிறு பொட்டலங்களாய் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதன் பெயர் 'கொலொம்போ'. அப்பொடியிட்டுச் சமைத்த ஆட்டுக்கறியோ கோழிக்கறியோ இல்லாமல் அத்தீவில் விருந்து இல்லை. வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தார் எல்லார் வீட்டிலும் அதுவே ஞாயிற்றுக்கிழமை உணவு. இலங்கைத் தலைநகரின் பெயரால் வந்தது என்பார் சிலர். குழம்பு என்பதன் திரிபே என்பார் சிலர். ஆராய்ச்சியாளர் முடிவு எதுவாயினும் ஆகுக. நம் வீட்டு அம்மையார் அடுக்களையிலிருந்தபடியே இரண்டாவதுதான் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.